கார் நுழையாத பனிமலை ஊர்

சுவிட்சர்லாந்து நாட்டின் தென்கோடியில், இத்தாலியின் எல்லையை ஒட்டி, ஸெர்மாட் என்று ஒரு மலையூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். நிலையாகக் குடியிருப்பவர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு. ஊருக்கு மேலே, யாரோ உளியால் செதுக்கி நிறுத்தியது போல, 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரம் நிற்கிறது. அதைக் காணவும், பனிச்சறுக்கு விளையாடவும் உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் வருகிறார்கள். குளிர்கால விடுமுறையில் உள்ளூர்க்காரர்களைப் போலப் பல மடங்கு விருந்தினர் அங்கே இருப்பார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள், சொந்தக் கார் உள்ளவர்கள். ஆனால் அவர்களில் ஒருவருடைய காரும் ஊருக்குள் நுழைவதில்லை! ஐந்து கிலோமீட்டர் கீழே இருக்கும் டேஷ் என்ற கிராமத்தோடு பொதுமக்களுக்கான சாலை முடிந்துவிடுகிறது. அங்கே காரை நிறுத்திப் பூட்டிவிட்டு ரயில் ஏற வேண்டும். பன்னிரண்டு நிமிடப் பயணம். பெட்டி படுக்கைகளை வைத்த தள்ளுவண்டியை அப்படியே ரயிலுக்குள் உருட்டிச் செல்லலாம்; பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

பணக்கார ஊரின் பிடிவாதம் என்று இதை நினைக்கத் தோன்றும். கொஞ்சம் பிடிவாதமும் உண்டுதான். ஆனால் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலை வைத்துக்கொண்டு அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தால், வேறு வழி அவ்வளவாக இல்லை என்பது புரியும்.

நிற்கும் காரின் கணக்கு

கார் என்றாலே ஓடுகிற ஒன்றாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றே கழிக்கிறது. உல்லாசப் பயணியின் கார் இன்னும் மோசம். சனிக்கிழமை வந்து நின்றால், அடுத்த சனிக்கிழமைதான் நகரும்.

ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது 12.5 சதுர மீட்டர். அவ்வளவுதானா? அந்த இடத்துக்குள் வந்து திரும்பவும், பின்னுக்கு எடுக்கவும் வழி விட வேண்டும். அதற்கும் ஏறக்குறைய அதே அளவு இடம் தேவை. ஆக, காருக்கு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேஷ் ரயில் நிலையத்தோடு சேர்ந்த கூரையிட்ட நிறுத்துமிடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். இரண்டாயிரம் கார்களைத் தரையிலேயே வரிசையாக நிறுத்தினால் 50,000 சதுர மீட்டர் வேண்டும். பன்னிரண்டு ஏக்கருக்கும் அதிகம். ஏழு கால்பந்து மைதானங்கள். ஸெர்மாட்டோ ஒடுங்கிய பள்ளத்தாக்கின் அடியில், ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஊர். இருபுறமும் மலை எழுந்து நிற்கிறது. அங்கே சமதரையில் ஏழு மைதானங்களுக்கு எங்கே போவது?

சமவெளி நகரங்களுக்கு இல்லாத இன்னொரு செலவும் இங்கே உண்டு. ஓர் இரவில் 30 சென்டிமீட்டர் பனி பொழிந்தது என்று கொள்வோம். ஆல்ப்ஸ் மலையில் இது சாதாரணம். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதன் அடர்த்தி ஒரு கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோகிராம். தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் 50,000 சதுர மீட்டர் பரப்பில் விழுந்த பனியின் எடை என்ன தெரியுமா? 15,000 கனமீட்டர், 1,500 டன். பத்து டன் லாரியில் அள்ளினால் நூற்றைம்பது லாரி. அள்ளிய பனியைக் கொட்ட வேறோர் இடமும் வேண்டும்! டேஷ் நிறுத்துமிடத்துக்கு ஏன் கூரை போட்டார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

வழுக்கும் சாலை

கார் முன்னேறுவது இஞ்சினின் வலிமையால் மட்டுமல்ல; சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வால். உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயரின் உராய்வுக் குணகம் சுமார் 0.7 அல்லது 0.8. இறுகிய பனியின் மேல் அது 0.2 அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடி போன்ற பனிக்கட்டியின் மேல் 0.1 அல்லது அதற்கும் கீழே.

சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களை மட்டுமே இஞ்சின் சுழற்றுகிறது. அவற்றின்மேல் காரின் எடையில் பாதி விழுகிறது என்று கொண்டால், இறுகிய பனியில் கிடைக்கும் மிக அதிகமான இழுவிசை, எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 10 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றமே எல்லை. பனிக்கட்டியில் இன்னும் மோசம்: 20-க்கு 1. ஆயிரம் குதிரைத் திறனுள்ள இஞ்சினைப் பொருத்தினாலும் பயனில்லை. சக்கரம் அதே இடத்தில் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவே. மலைச்சாலையில் டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டுவது, வழுக்கும் பரப்பைக் கடித்துப் பிடிப்பதற்காக.

அப்படி ஒரு சரிவில் ஒரே ஒரு கார் மாட்டிக்கொண்டாலும் பின்னால் வருவன எல்லாம் நின்றுவிடும். ஆல்ப்ஸில் சாலை வழியாகவே அடையக்கூடிய பனிச்சறுக்கு ஊர்கள் பல உண்டு. விடுமுறை தொடங்கும் நாட்களில் அவற்றின் சாலைகளில் மைல் கணக்கில் கார்கள் தேங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளத்தாக்கின் மூடி

உயரே போகப்போகக் காற்று குளிரும் என்று படித்திருக்கிறோம். குளிர்கால இரவில் மலைப் பள்ளத்தாக்கில் இது தலைகீழாகும். வானம் தெளிவாக இருக்கும் இரவில் பனி மூடிய சரிவுகள் வெப்பத்தை விண்ணுக்குக் கதிர்வீசி வேகமாகக் குளிர்கின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, அடர்த்தி மிகுந்து, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. மேலே இருப்பது அதைவிட வெப்பமான, லேசான காற்று. கனமானது கீழே, லேசானது மேலே. இந்த அமைப்பு கலையாது. பாத்திரத்துக்கு மூடி போட்டது போல இருக்கும். இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பார்கள்.

இந்த மூடிக்கு அடியில் புகை விட்டால் அது எங்கே போகும்? எங்கும் போகாது. காலையில் வெயில் நன்றாக ஏறும்வரை, சில நாட்களில் பகல் முழுவதும்கூட, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். இரவெல்லாம் உறைபனியில் நின்ற பெட்ரோல் காரைக் காலையில் கிளப்பினால், குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. எனவே கூடுதலாகப் பெட்ரோலைச் செலுத்த வேண்டியிருக்கிறது. அது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் எரியாத ஹைட்ரோகார்பன்களாகவும் வெளியே வருகிறது. புகையைச் சுத்தம் செய்ய இக்காலக் கார்களில் வினையூக்கி மாற்றி என்ற கருவி உண்டு. அது சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூடாவதற்குள் ஓட்டலிலிருந்து பனிச்சறுக்கு மைதானம் வந்துவிடும்! உல்லாச ஊரின் உள்ளூர்ப் பயணம் எல்லாமே இப்படிக் குளிர்ந்த இஞ்சினின் குறும்பயணங்கள்தான். ஓட்டுகிறவருக்கு ஒரு கிலோமீட்டர். ஊரின் காற்றுக்கோ அது மிக மோசமான கிலோமீட்டர். மாட்டர்ஹார்னைக் காட்டிப் பிழைக்கிற ஊர் அதைப் புகையால் மறைத்துக்கொள்ள விரும்புமா?

(வீடுகளைச் சூடாக்க எரிக்கும் எண்ணெயும் விறகும் புகை விடுவதில்லையா என்று கேட்பீர்கள். விடுகின்றன. கார்களை நிறுத்தியதால் மட்டும் காற்று முழுதும் தூயதாகிவிடாது.)

பெட்டி வடிவ வண்டிகள்

ஸெர்மாட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே வரிசையாகச் சிறு வண்டிகள் நிற்பதைக் காணலாம். நேரான பக்கங்கள், தட்டையான முகப்பு. சக்கரம் வைத்த அலமாரி என்றே சொல்லலாம். இவை மின்கலத்தால் ஓடும் வண்டிகள். டாக்சி, ஓட்டல் வண்டி, சரக்கு வண்டி, பஸ் எல்லாம் இந்த இனம்தான். பலவற்றை அந்த ஊர்ப் பட்டறையிலேயே கட்டுகிறார்கள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு எண்ணெய் இஞ்சின் அனுமதி உண்டு.

கார் என்றால் மீனைப் போல வழவழவென்று இருக்க வேண்டாமா? வேண்டியதில்லை. ஊருக்குள் வேக எல்லை மணிக்கு 20 கிலோமீட்டர். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 80 கிலோமீட்டரில் உள்ள எதிர்ப்பில் பதினாறில் ஒரு பங்குதான் 20 கிலோமீட்டரில் இருக்கும். அந்த வேகத்தில் அழகிய வளைவுகளால் மிச்சமாவது மிகக் குறைவு. பெட்டி வடிவத்தில் செய்தால், உயரமான சறுக்குப் பலகைகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு நாலு பேர் கூடுதலாக உட்காரலாம்.

இவ்வண்டிகளுக்கும் குளிர்தான் பகை. மின்கலத்தின் உள்ளே நடப்பது வேதிவினை. வெப்பநிலை இறங்கினால் வினை மெதுவாகிறது, அக மின்தடை உயர்கிறது. மின்கலத்தின் மின்னியக்கு விசையிலிருந்து, மின்னோட்டமும் அக மின்தடையும் பெருகி வரும் தொகையைக் கழித்தால் மிஞ்சுவதே மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் என்று படித்திருப்பீர்கள். ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது இந்த இழப்பும் அதிகமாகிறது. குளிர்காலக் காலையில் மின்கல வண்டி சோர்ந்துபோவது சூத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பயணத் தூரம் மிகக் குறுகியது என்பதால்தான் சமாளிக்க முடிகிறது. நீண்ட தூரம் ஓடும் மின்சாரக் கார்கள் சந்தைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தச் சின்ன ஊரில் மின்கல வண்டிகள் அன்றாடப் பொருளாகிவிட்டதன் ரகசியமும் அதுவே.

பல் வைத்த இருப்புப் பாதை

சாலைக்கு முன்பே ஸெர்மாட்டுக்கு ரயில் வந்துவிட்டது. கீழேயுள்ள விஸ்ப் நகரிலிருந்து வரும் இருப்புப் பாதை 1891-இல் இந்த ஊரை எட்டியது. அப்போது மோட்டார் கார் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பொதுச்சாலையை ஊர்வரை நீட்டலாமா என்ற கேள்வி பின்னர் எழுந்தபோது, ஊர் மக்கள் வாக்களித்து வேண்டாம் என்றனர்.

எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் ஒன்றோடொன்று வழுவழுப்பாக உருள்கின்றன. ரயில் சிக்கனமாக ஓடுவது இதனால்தான். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் அதே வழுவழுப்பு வினையாகிறது, சக்கரம் நழுவும். இதற்கு மாற்றாகத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் உள்ள இரும்புச் சட்டத்தைப் பதித்து, இஞ்சினில் பற்சக்கரம் வைத்து ஏறுகிறார்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறையில் ஒரு சட்டத்துக்குப் பதில் இரண்டு சட்டங்கள் அருகருகே இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி. இதனால் எந்தக் கணத்திலும் பற்சக்கரத்தின் பிடி விடுபடாது. ஏற்றமும் குலுங்காமல் இருக்கும். உங்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ரயிலில் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பீர்கள். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே நம் நீலகிரி மலை ரயில் ஏறுவதும் ஆப்ட் முறையில்தான். அதன் நீராவி இஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை.

விஸ்ப்-ஸெர்மாட் பாதையில் செங்குத்தான பகுதிகளுக்கு மட்டும் பற்சட்டம். ஆனால் ஸெர்மாட்டிலிருந்து மேலே, 3,089 மீட்டர் உயரத்திலுள்ள கார்னர்கிராட் முகட்டுக்குச் செல்லும் ரயிலுக்கு வழி முழுவதும் பற்சட்டம் உண்டு. 1898-இல் திறக்கப்பட்ட இது தொடக்கத்திலிருந்தே மின்சார ரயில். நம் மலை ரயிலின் ஏற்றம் 12-க்கு 1. இங்கே சில இடங்களில் 5-க்கு 1.

சறுக்குப் பலகை, கனத்த காலணி உட்பட 80 கிலோகிராம் உள்ள ஒருவரை இந்த ரயில் ஏறக்குறைய 1,470 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. நிலையாற்றல் கணக்குப் போடுங்கள்: 80 × 9.8 × 1,470, அதாவது சுமார் 11.5 லட்சம் ஜூல். நம் மின்கட்டண அட்டையின் மொழியில் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு! ஒரு மனிதனைக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் உயர்த்த அவ்வளவே போதும். ரயில் பெட்டியின் சொந்த எடையைத் தூக்குவதற்குத்தான் இன்னும் அதிகம் செலவாகிறது.

அந்த ஆற்றல் பிறகு என்ன ஆகிறது? பயணி பலகையைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்கினால், அவருடைய 11.5 லட்சம் ஜூலும் பனியிலும் காற்றிலும் உராய்ந்து வெப்பமாகிவிடும். அவ்வளவும் பனியை உருக்கவே செலவானால் மூன்றரைக் கிலோகிராம் பனி உருகும். விளையாட்டு முழுவதும் இதுதான்: ரயில் கொடுத்த நிலையாற்றலை மகிழ்ச்சியோடு வீணாக்குவது.

ரயில் அப்படி வீணாக்குவதில்லை. கார்னர்கிராட் ரயில் மூன்று கட்ட மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடுகிறது. மேலே இரண்டு கம்பிகள். தண்டவாளமே மூன்றாவது கடத்தி. உலகில் இந்த முறையில் இன்றும் ஓடும் ரயில்கள் மிகச் சிலவே. மூன்று கட்ட மின்னோட்டம் மோட்டாருக்குள் ஒரு சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. ஏறும்போது மோட்டாரின் சுழலி, இந்தப் புலத்தைவிடச் சற்றே பின்தங்கிச் சுற்றுகிறது. புலம் அதை இழுத்துச் செல்கிறது. இறங்கும்போது புவியீர்ப்பு வண்டியைத் தள்ளுவதால், சுழலி புலத்தை முந்தப் பார்க்கிறது. முந்திய அந்தக் கணமே விளைவு தலைகீழாகிறது. இப்போது சுழலிதான் புலத்தை இழுக்கிறது. மோட்டார் மின்னாக்கியாக மாறி, கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது! அந்த முயற்சியே வண்டிக்கு பிரேக்காகவும் ஆகிறது. கம்பியில் வந்த மின்சாரத்தை அதே நேரத்தில் மேலே ஏறும் இன்னொரு வண்டி எடுத்துக்கொள்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்து பழுக்கக் காய்வதும் இல்லை. தூண்டல் மோட்டாரின் இந்தக் குணத்தை வகுப்பில் சொல்லும்போது கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் மாணவர் முகத்தில் ஐயம் தெளியாது. இந்த மலை ரயிலைச் சொன்னால் தெளிகிறது.

இதே சிக்கனத்தை இயந்திர வழியில் செய்வது ஸுன்னெகா என்ற இடத்துக்கு 1980-இல் திறக்கப்பட்ட சுரங்க வண்டி. பழனி மலையில் 'விஞ்ச்' என்று சொல்கிறோமே, அதே இனம். ஒரு கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள். ஒன்று இறங்க, மற்றொன்று ஏறும். வண்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், பயணிகளின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் மோட்டார் சமாளித்தால் போதும். மலைக்குள் குடைந்த பாதை ஆகையால் பனி விழுந்தாலும் கவலை இல்லை. சில நிமிடங்களில் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம். கார் போகவே முடியாத சரிவு அது.

சுவிட்சர்லாந்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின்சாரம். ஸெர்மாட்டைச் சுற்றியுள்ள பனியாறுகள் உருகும் நீரில் பெரும்பங்கை மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியே வேறொரு பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய், 285 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டிக்ஸான்ஸ் அணையில் தேக்குகிறார்கள். அந்த மலைப்பகுதியின் பனியே ஒரு சுற்றுச் சுற்றி, மின்சாரமாகப் பயன்படுகிறது எனலாம்.

மறைந்துவிடாத கார்

இதையெல்லாம் படித்துவிட்டு ஸெர்மாட் காரை ஒழித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கார் ஒழியவில்லை, ஐந்து கிலோமீட்டர் கீழே நிற்கிறது. விஸ்ப்பிலிருந்து டேஷ் வரை வழியிலுள்ள கிராமங்கள் அந்தப் போக்குவரத்தைச் சுமக்கின்றன. ஸெர்மாட்டின் தூய காற்றுக்கு டேஷ் கொடுக்கும் விலை இது. 2007-இல் சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ஷ்பெர்க் அடிமலைச் சுரங்கம் திறந்த பிறகு, நாட்டின் வடபகுதியிலிருந்து விஸ்ப்புக்கு ரயிலில் வருவது வெகுவாகச் சுருங்கிவிட்டது. காரை வீட்டிலேயே விட்டுவருபவரே உண்மையான பங்காளி.

உள்ளூர்க்காரர்களின் பாடும் எளிதல்ல. அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் குறுகிய மலைச்சாலையில் ஊர் எல்லைவரை காரில் வரலாம். அதற்கு மேல் அவர்களும் நடக்க வேண்டும். சரக்குகளும் கைமாறித்தான் உள்ளே வர வேண்டும். மின்கல வண்டிகளும் பெருகிவிட்டன. பிளாஸ்டிக் ஓட்டுக் காலணியில் தடுமாறி நடப்பவரின் முதுகுக்குப் பின்னால், ஓசையில்லாத வண்டி ஒன்று வந்து நின்றால் எப்படி இருக்கும்? புகை இல்லை என்பதால் நெரிசல் இல்லாமல் போய்விடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரின் உயிர் ஒற்றை இழையில் தொங்குகிறது. 1991-இல் டேஷுக்குச் சற்றுக் கீழேயுள்ள ராண்டா கிராமத்தருகே மலையின் ஒரு பக்கம் ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக இடிந்து விழுந்தது. ஏறக்குறைய மூன்று கோடி கனமீட்டர் பாறை! இருப்புப் பாதையும் சாலையும் புதைந்தன. இரண்டையும் வேறு தடத்தில் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. 2018 ஜனவரியில் பனி கொட்டித் தீர்த்தபோது பனிச்சரிவு அபாயத்தால் ரயிலும் நின்றது, சாலையும் மூடப்பட்டது. சுமார் 13,000 விருந்தினர்கள் ஊருக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். வானம் வெளுத்த நேரத்தில் ஹெலிகாப்டர்கள் சிலரைக் கீழே டேஷில் கொண்டுபோய் இறக்கின.

கார் நேரே ஊருக்குள் வந்திருந்தால் அன்று தப்பியிருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. சாலையும் ரயிலும் ஒரே பள்ளத்தாக்கின் அடியில்தான் செல்கின்றன. மேலிருந்து புறப்படும் பனிச்சரிவுக்கு இரண்டும் ஒன்றுதான். பாதை திறக்கும்வரை அந்தக் கார்களும் ஊருக்குள்ளேயே, பனிக்கு அடியில், நின்றுகொண்டிருந்திருக்கும்.